பத்து லட்சத்தில் ஒருவரைத் தேடுவது வீண்வேலையா?

தடுப்பூசி பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு வாதம் கூடவே வந்துவிடுகிறது. “பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக் கை கால் விளங்காமல் போகிறது என்று தேடித் தேடி எண்ணிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? ஊசியே வேண்டாம் என்பவர்களுக்குத்தான். ஜனங்கள் பயந்துவிடுவார்கள். மற்றவர்கள் உயிர் முக்கியமா, அந்த ஒருவரா?” இதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அம்மையும் கக்குவானும் இளம்பிள்ளை வாதமும் வீடு வீடாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனதை அறிந்தவர்கள் அவர்கள். நானும் தடுப்பூசியின் பக்கம் நிற்பவன்தான். அதனாலேயே இதை மறுக்க வேண்டியிருக்கிறது. தடுப்பூசியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதன் வேரில் வெந்நீர் ஊற்றும் வாதம் இது.

நம் ஊரில் ஐம்பது வயதைக் கடந்த யாரிடமும் நாய்க்கடி பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். “தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி” என்பார்கள். அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய முறையைப் பின்பற்றிய மருந்து அது. வெறிநோய்க் கிருமி ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையை எடுத்து, கிருமியைச் செயலிழக்கவைத்துத் தயாரிப்பார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆட்டு மூளையிலிருந்து வெறிநாய்க்கடி மருந்து பல பத்தாண்டுகள் தயாரானது. வெறிநோய் முற்றிவிட்டால் பிழைப்பு ஏறக்குறைய இல்லை. ஆகவே அந்த ஊசி எத்தனையோ குடும்பங்களுக்கு உயிர்ப்பிச்சை தந்தது. ஆனால் மூளைத் திசுவோடு சேர்ந்து, நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறையின் பொருளும் உடலுக்குள் போனது. சிலருடைய உடல் அதை அந்நியமாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கி, தன் சொந்த நரம்புகளின் உறையையே தாக்கியது. நாயிடம் தப்பியவர் ஊசியால் படுக்கையில் விழுந்தார்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்? “அரிதாக நடப்பதுதானே” என்று விட்டுவிடாத நரம்பியல் மருத்துவர்கள். 1980களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளை ஒவ்வொருவராக விவரித்துப் பதிவுசெய்தார்கள். 1987இல் தாய்லாந்திலிருந்து வந்த ஆய்வு, மயலின் புரதமே உடலைத் தன் நரம்புகளுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது என்பதைக் காட்டியது. மூளைத் திசு ஊசியைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. இந்தியா கேட்பதற்கு 2004ஆம் ஆண்டின் இறுதி வரை ஆயிற்று. இன்று நாய் கடித்தால் செல் வளர்ப்பில் தயாரித்த ஊசியைக் கையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருகிறோம். அன்றைக்கு அந்த மருத்துவர்கள் “சொன்னால் ஜனங்கள் பயப்படுவார்கள்” என்று வாயை மூடியிருந்தால், இன்றும் தொப்புளைச் சுற்றியே குத்திக்கொண்டிருப்போம். பக்கவிளைவை எண்ணியவர்கள் தடுப்பூசியை ஒழிக்கவில்லை. அதைவிட நல்ல தடுப்பூசியைக் கொண்டுவந்தார்கள்.

“அது பழங்காலம். இப்போதெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த பிறகுதானே ஊசி வெளியே வருகிறது?” என்பார்கள். சோதனை வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லை எளிய கணக்கில் அடங்கும். 30,000 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்ததில் ஒருவருக்குக்கூட ஒரு பாதிப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்தப் பாதிப்பு பெரும்பாலும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்காது என்பது மட்டுமே. லட்சத்தில் ஒன்றா, பத்து லட்சத்தில் ஒன்றா, அறவே இல்லையா என்பதை அந்தச் சோதனை சொல்லாது, சொல்லவும் முடியாது. அரிய நரம்புப் பாதிப்புகள் எல்லாம் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கின்றன. ஊசி ஊருக்குள் வந்த பிறகு நடக்கும் கண்காணிப்பு, சோதனை முடிந்ததும் ஒட்டிக்கொள்ளும் வால் இல்லை. சோதனையின் மீதிப் பாதி அதுதான்.

அமெரிக்காவில் 1976இல் நடந்ததைப் பாருங்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் டிக்ஸ் படைமுகாமில் பன்றிக்காய்ச்சல் கிருமி தென்பட்டது. 1918 ஃப்ளூ கொள்ளைநோய் திரும்பிவிடுமோ என்று அஞ்சி, நாடு முழுவதும் ஊசி போட அதிபர் ஃபோர்டு முடிவெடுத்தார். அக்டோபர் 1 அன்று ஊசி தொடங்கியது. சில நாட்களிலேயே பிட்ஸ்பர்க்கில் ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் இறந்தார்கள். பத்திரிகைகள் கொந்தளித்தன, பல மாநிலங்கள் ஊசியை நிறுத்தின. அதிகாரிகள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அந்த வயதில், அத்தனை பேரில், அந்த நாட்களில் ஊசி இல்லாமலே நேரக்கூடிய மாரடைப்பு மரணங்கள்தான் அவை. ஊசி மீண்டும் தொடங்கியது. நவம்பர் இறுதியில் மினசோட்டாவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கால்களில் தொடங்கி மேலேறும் வாதம் கண்டிருந்தது. அதுதான் கில்லன்-பாரே நோய். இந்த முறையும் கணக்கெடுத்தார்கள். இயல்பாக வரக்கூடிய எண்ணிக்கையை இது தாண்டியிருந்தது. டிசம்பர் 16 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டிருந்தார்கள். ஏறக்குறைய லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக அந்நோய் வந்திருந்தது. அஞ்சிய கொள்ளைநோயோ வரவே இல்லை.

இந்த வரலாற்றை நம் எதிர்வாதிகள் ‘கண்காணிப்பால் ஒரு திட்டமே கவிழ்ந்தது’ என்று படிக்கிறார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். பத்து வாரங்களுக்குள் இரண்டு அலறல்கள் எழுந்தன. முதலாவது பொய், இரண்டாவது மெய். இரண்டும் தொலைக்காட்சியில் ஒரே சத்தத்தில்தான் ஒலித்தன. எது பொய், எது மெய் என்று பிரித்துக் காட்டியது எண்ணிக்கை மட்டுமே. முதல் அலறலிலிருந்து ஊசியைக் காப்பாற்றிய அதே கை, இரண்டாவதிலிருந்து மக்களைக் காப்பாற்றியது. அதன் பிறகு ஃப்ளூ ஊசியையும் கில்லன்-பாரே நோயையும் சேர்த்துக் கவனிக்கும் பழக்கம் அங்கே நிலைத்தது. 2009இல் மீண்டும் பன்றிக்காய்ச்சல் பரவியபோது, பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுக்குத்தான் கூடுதல் ஆபத்து என்று சொல்ல முடிந்தது. யாரும் அலறவில்லை. எண் கையில் இருந்ததுதான் காரணம்.

எதிர்வாதிகளின் கையில் இருக்கும் பலமான ஆயுதம் பிரிட்டன் கக்குவான் கதை. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நான் நேர்மையற்றவன் ஆவேன். 1974இல் லண்டன் மருத்துவர்கள், கக்குவான் ஊசிக்குப் பிறகு வலிப்பும் மூளைப் பாதிப்பும் கண்ட 36 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. பத்தில் எட்டுக் குழந்தைகள் போட்டுக்கொண்டிருந்த ஊசியை, சில ஆண்டுகளில் பத்தில் மூன்று குழந்தைகளே போட்டுக்கொண்டார்கள். கக்குவான் கொள்ளைநோயாகத் திரும்பியது. 1977-79இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவானது, குழந்தைகள் செத்தார்கள். “பார்த்தீர்களா, பேசியதால் வந்த வினை” என்கிறார்கள்.

பேசியதால் வந்த வினையா அது? அந்த மருத்துவர்கள் எழுதியபோது, ஊசி போடாத குழந்தைகளில் எத்தனை பேருக்கு அதே வயதில் அதே வலிப்பு வருகிறது என்ற கணக்கு பிரிட்டனில் ஆயத்தமாக இல்லை. 36 என்பது அதிகமா குறைவா என்று கேட்ட பெற்றோருக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அதற்கான தேசிய ஆய்வே 1976இல்தான் தொடங்கியது. பதில் வருவதற்குள் பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கண்காணிப்பு முன்கூட்டியே இருந்திருந்தால், கேள்வி எழுந்த வாரமே விடை கிடைத்திருக்கும். தீயணைப்பு நிலையமே இல்லாத ஊரில் வீடு எரிந்ததற்கு, “தீ, தீ” என்று கத்தியவனைக் குறை சொல்வதில் பொருள் இல்லை.

அந்தக் கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. அதை இங்கே அதிகம் பேர் சொல்வதில்லை. ‘கக்குவான் ஊசியால் மூளை பாதித்த பிள்ளைகள்’ என்று கருதப்பட்ட 14 பேரின் மரபணுவை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். 14 பேரில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் பிழை இருந்தது. டிராவே என்ற கடும் வலிப்பு நோயைத் தரும் பிழை அது. ஊசி போடாதிருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அது வந்திருக்கும். “நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டேன்” என்று வாழ்நாளெல்லாம் தன்னையே நொந்துகொள்ளும் தாய்க்கு இது எத்தகைய விடுதலை! அந்த விடுதலையைத் தந்தவர்கள், “தற்செயல், போய் வாருங்கள்” என்று கோப்பை மூடியவர்கள் அல்லர். விடாமல் தேடியவர்கள்.

‘தற்செயல்’ என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊசிக்குப் பின் வந்த நோயெல்லாம் ஊசியால் வந்தது ஆகாது என்பது உண்மை. கில்லன்-பாரே நோய் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு எப்படியும் வருகிறது. பெரும்பாலும் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ முன்னால் வந்திருக்கும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனேயில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இந்நோயால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டபோது, நோயாளிகளின் மலத்தில் காம்பைலோபாக்டர் கிருமி அகப்பட்டது. மாசுபட்ட தண்ணீரின் மீது சந்தேகம் விழுந்தது. 2011 கணக்கெடுப்பின்படி 7.2 கோடி மக்கள் வாழும் தமிழ்நாட்டில், ஆண்டுக்குச் சுமார் 700 முதல் 1,400 பேருக்கு இந்நோய் வரலாம். நாளை ஒரே நாளில் எல்லோருக்கும் ஓர் ஊசி போட்டால், அடுத்த ஆறு வாரங்களில் 80 முதல் 160 பேர் அந்த ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் வாதத்தில் விழுவார்கள். ஒவ்வொருவரின் படமும் வாட்ஸ்அப்பில் வரும். “இது தற்செயல்” என்று அன்றைக்கு அதிகாரி சொன்னால் யார் நம்புவார்கள்? வழக்கமாக எத்தனை வரும் என்பதை ஆண்டாண்டாகப் பதிந்து வெளியிட்ட அரசு சொன்னால் நம்புவார்கள். எண்ணாமலே ‘தற்செயல்’ என்கிற அரசின் சொல் தட்டிக்கழிப்பாகத்தான் காதில் விழும், உண்மையே ஆனாலும்.

“எண்ணினால் பயம் வரும்” என்பவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே பதில் இருக்கிறது. 1997 முதல் இந்தியாவில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும் அதைப் பதிவுசெய்கிறார்கள். இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட்டு, குளிர்ப்பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகின்றன. சென்னை கிண்டி கிங் நிலையத்து ஆய்வகமும் அவற்றில் ஒன்று. காரணம் ‘காட்டுக் கிருமி’ எனப்படும், இயற்கையில் பரவும் போலியோக் கிருமியா, சொட்டு மருந்தில் இருந்த கிருமியா, கில்லன்-பாரே போன்ற வேறு நோயா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். சொட்டு மருந்தே மிக அரிதாக வாதத்தை உண்டாக்கும் என்பது இதனால் இங்கே மறைபொருளாக இருக்கவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் அதை வெளிப்படையாக எழுதினார், ஊசி வடிவ மருந்தையும் சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடினார். ஜனங்கள் பயந்து ஓடினார்களா? ஒரு தேசியச் சொட்டு மருந்து முகாமில் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்த நாடு இது. சில இடங்களில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் அதை மூட்டியது மலட்டுத்தன்மை பற்றிய வதந்தி, ஆய்வக அறிக்கை அல்ல. 2011 ஜனவரிக்குப் பிறகு இங்கே காட்டுக் கிருமியால் ஒரு குழந்தைக்கும் போலியோ வரவில்லை. 2015 நவம்பரில் ஊசி மருந்து சேர்ந்தது. இரண்டாம் வகைக் காட்டுக் கிருமி 1999க்குப் பின் எங்குமே இல்லை என்று கண்காணிப்பு காட்டியதால், 2016 ஏப்ரலில் அந்த வகை சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய தடுப்பு மருந்து வெற்றிகளில் ஒன்று, வாதம் வந்த ஒவ்வொரு குழந்தையையும் தேடிப்போன நாட்டில்தான் நடந்தது.

அப்படிப்பட்ட நாம் 2021இல் என்ன செய்தோம்? ஆஸ்ட்ராசெனெகா கொரோனா ஊசிக்குப் பிறகு மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் அரிய நோயை ஜெர்மனியும் நார்வேயும் மார்ச் மாதத்தில் கண்டன. அதே ஊசிதான் இங்கே கோவிஷீல்டு. மே 17 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை, 26 பேருக்கு ரத்த உறைவு நேர்ந்திருக்கலாம், அது பத்து லட்சம் டோஸுக்கு 0.61 மட்டுமே என்றது. பிரிட்டனில் 4, ஜெர்மனியில் 10 என்று ஒப்பிட்டது. தெற்காசியர்களுக்கு இயல்பிலேயே இந்த ஆபத்து குறைவு என்றும் விளக்கியது. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த நோயை அடையாளம் காணத் தட்டணு எண்ணிக்கை வேண்டும், மூளைச் சிரைகளைக் காட்டும் ஸ்கேன் வேண்டும், தனி ரத்தப் பரிசோதனை வேண்டும். இவை இல்லாத ஊரில் தலைவலியோடு விழுந்தவர் ‘பக்கவாதம்’ என்று எழுதப்பட்டுப் போய்ச் சேர்ந்திருப்பார். நம் 0.61 குறைந்த ஆபத்தைக் காட்டுகிறதா, குறைந்த தேடலைக் காட்டுகிறதா? பிரித்தறிய வழியில்லை. காணாததை இல்லாதது என்று படிப்பதுதான் இங்கே நடந்த பிழை.

புகார் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதற்கும் தேடிப்போவதற்கும் உள்ள தொலைவை பிரிட்டன் 1992இல் கண்டது. உராபே என்ற பொன்னுக்குவீங்கிக் கிருமி வகை கலந்த எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) ஊசிக்குப் பின், மிக அரிதாக மூளைச்சவ்வு அழற்சி வருவதாகத்தான் முதலில் கருதினார்கள். ஆய்வக, மருத்துவமனைப் பதிவுகளை ஊசிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தபோது, அது சுமார் 11,000 டோஸுக்கு ஒன்று என்று தெரிந்தது. அந்த வகையை நீக்கி வேறு வகை கொண்ட எம்எம்ஆர் ஊசியைத் தொடர்ந்தார்கள். கொரோனாவின்போதும் அந்த இணைப்பு உதவியது. இங்கிலாந்தில் ஊசி போட்ட 3.2 கோடிப் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆஸ்ட்ராசெனெகா ஊசியால் ஒரு கோடிப் பேரில் கூடுதலாக 38 பேருக்குக் கில்லன்-பாரே நோய் வந்திருந்தது. கொரோனா தொற்றியவர்களிலோ ஒரு கோடிக்கு 145 பேர். தடுப்பூசிக்காக வாதாட இதைவிடப் பலமான சான்று எந்த விளம்பரத்தில் கிடைக்கும்? அதைக் கொண்டுவந்து கொடுத்தது, வீண்வேலை என்று நீங்கள் சொல்லும் கண்காணிப்பு.

நம்மிடமும் கொரோனா ஊசிகளுக்கான ‘கோவின்’ இணையப் பதிவு இருந்தது. 220 கோடி டோஸுக்கும் தேதி, இடம், ஊசியின் பெயர் எல்லாம் பதிவாகின. உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத பொக்கிஷம். ஆனால் அதன் மறுபாதியான மருத்துவமனைப் பதிவு அதனோடு இணையவில்லை. ஒற்றைக் காளையைப் பூட்டிக்கொண்டு ஏர் ஓட்ட முடியாது.

கடைசியாக, அந்த ஒருவர். “லட்சம் பேரா, ஒருவரா?” என்ற கேள்வியே தவறு. அந்த ஒருவர் லட்சம் பேருக்கு எதிரே நிற்கவில்லை, அவர்களில் ஒருவராக வரிசையில் நின்று கையை நீட்டியவர். ஊருக்காகவும் சேர்த்துத்தான் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னோம். அவர் விழுந்தால் தாங்குவது ஊரின் கடன். பிரிட்டன் இதற்கென்று 1979இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கா 1986இல் சட்டம் செய்து, தடுப்பூசிகளின் மீது சிறு வரி வைத்து இழப்பீட்டு நிதி திரட்டுகிறது. ஃப்ளூ ஊசிக்குப் பின் வரும் கில்லன்-பாரே நோய் 2017 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் ஒன்றிய அரசோ 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், ஊசி கட்டாயம் இல்லை, இழப்பீட்டுக்கு அரசு நேரடிப் பொறுப்பேற்க முடியாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. விழுந்தவரை வழக்காடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? தடுப்பூசி மீதான நம்பிக்கையை எந்த வதந்தியையும்விட ஆழமாக அரிப்பது இந்த ஒரு பதில்தான்.

செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டாதவை அல்ல. குழந்தைகளுக்கு வாதம் கண்டால் பதிகிற ஏற்பாட்டைப் பெரியவர்களுக்கும் விரியுங்கள். மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் பிரிவில் கில்லன்-பாரே, தண்டுவட அழற்சி, மூளை அழற்சி, மூளைச் சிரை உறைவு என்று சேரும் ஒவ்வொருவரிடமும், கடந்த ஆறு வாரத்தில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்ததா, ஊசி போட்டாரா என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஊசிப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் ஆளின் பெயர் வெளியாகாத முறையில் இணையுங்கள். எண்ணிக்கையை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுங்கள், நல்லதாயினும் கெட்டதாயினும். விசாரணையின் முடிவை அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஊசியால்தான் என்று தெரிந்தால், கேட்கும் முன்பே இழப்பீடு கொடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய் செவிலியரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள்: “ஒண்ணும் ஆகாதுல்ல?” அதற்கு “ஒண்ணும் ஆகாது” என்பது பாதிப் பதில். “ஆகிறது ரொம்ப அபூர்வம்மா. ஆனா எதுவும் ஆச்சுன்னா நாங்க பார்த்துக்கிட்டே இருக்கோம், விட்டுட மாட்டோம்” என்பதே முழுப் பதில். அந்தச் செவிலியர் பொய் சொல்லாமல் இதைச் சொல்லக்கூடிய நிலையை உண்டாக்குவது அரசின் கடமை. தடுப்பூசியை உண்மையாகவே நேசிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.